விழுந்த பின் வரும் அச்சம்

மனிதன் இவ்வுலகில் கற்கும் முதற் கலைகளுள் ஒன்று நடை. தவழ்ந்தும் தத்தியும், விழுந்தும் எழுந்தும் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் அதனைக் கற்றுக்கொள்கிறான். அப்போது விழுவது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை; பெற்றோருக்கும் அது நகைப்பையே தருகிறது. எழுபது ஆண்டுகள் கழித்து அதே மனிதன் முற்றத்தில் ஒரு முறை வழுக்கி விழுந்தால் வீடே பதறுகிறது. எலும்பு முறியாமல் தப்பிய போதிலும், அன்று தொட்டு அவர் நடையில் ஒரு தயக்கம் புகுந்துவிடுகிறது. சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறார். பிறகு நடப்பதைக் குறைக்கிறார். பிறகு பள்ளிவாசலுக்குச் செல்வதை நிறுத்துகிறார். இறுதியில் கட்டிலே அவருக்கு உலகமாகிவிடுகிறது. வழுக்கல் ஒரு நொடியில் முடிந்தது. அதன்பின் வந்த அச்சமோ ஆண்டுக்கணக்கில் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இந்த அச்சத்தை மருத்துவ உலகம் ஒரு தனி நோயாகக் கண்டு பெயர் சூட்டியது 1982 ஆம் ஆண்டில்தான். ஆயினும் தளர்ந்தவரை மக்களிடையே நடமாட வைப்பது எவ்வாறு என்ற வினா மிகப் பழமையானது. அதற்கு நம் முன்னோர் கண்ட விடையையும், அண்மைக் கால மருத்துவர்கள் கண்ட விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊன்றுகோலின் மதிப்பு

மனிதன் பலவீனத்தில் தொடங்கி, வலிமை பெற்று, மீண்டும் பலவீனத்தையும் நரையையும் அடைகிறான் என்பதைத் திருமறையின் 'ரூம்' அத்தியாயம் இறைவனின் படைப்பு நியதியாகவே எடுத்துரைக்கிறது. முதுமைத் தளர்ச்சி ஒரு குற்றமன்று, இழிவுமன்று என்பது அதிலிருந்து பெறப்படும். 'தாஹா' அத்தியாயத்தில், கையிலிருப்பது என்னவென்று இறைவன் வினவும்போது, மூஸா நபி (அலை) அவர்கள் தம் கைத்தடியின் பயன்களை எடுத்துக் கூறுகையில் முதலாவதாகக் குறிப்பிடுவது, அதன்மீது தாம் ஊன்றிக்கொள்வதைத்தான். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும் ஊன்றுகோல் இடம்பெறுகிறது. நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆப் பேருரையின்போது கதீபு கையில் பிடிக்கும் 'அஸா'வை நாம் அனைவரும் அறிவோம். மிம்பரில் கண்ணியத்தின் சின்னமாக விளங்கும் அந்தக் கோலை, வீட்டில் ஒரு பெரியவர் ஊன்ற நேர்ந்தால் வெட்கப்படுவது முறையாகுமா?

நபிபெருமானார் காலத்துச் சலுகைகள்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை குதிரையிலிருந்து விழுந்து, அவர்களுடைய வலப்புறம் சிராய்த்துக் காயமுற்றது. அதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நலம் விசாரிக்க வந்த தோழர்களுக்கு, அண்ணலார் அமர்ந்த நிலையிலேயே தொழுகை நடத்தினார்கள். விழுந்த நாட்களிலும் தொழுகை நிற்கவில்லை. தொழும் நிலை மட்டுமே மாறியது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் நோயைக் கூறி விளக்கம் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடின் அமர்ந்தும், அதுவும் இயலாவிடின் விலாப்புறமாய்ப் படுத்தும் தொழுமாறும் அவர்களுக்குக் கூறப்பட்டது. இந்த வரிசையை ஊன்றி நோக்க வேண்டும். இயன்றதை முதலில் செய். இயலாத அளவுக்கு மட்டும் இறங்கு என்பதே அதன் அமைப்பு. ஒரேயடியாகப் படுக்கைக்குச் செல்லுமாறு அது யாரையும் பணிக்கவில்லை.

யூப்ரட்டீஸ் நதிக்கரையிலுள்ள ரக்கா நகருக்கு ஹிலால் பின் யஸாஃப் என்பவர் சென்றார். அங்கு வாழ்ந்த நபித்தோழர் வாபிஸா (ரலி) அவர்களைக் காண விரும்பினார். அவர் சென்றபோது அம்முதியவர் தலையில் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, ஒரு கோலை ஊன்றியவாறு தொழுதுகொண்டிருந்தார். தொழுகை முடிந்ததும் அதைப் பற்றி வினவினர். நபி (ஸல்) அவர்களுக்கு வயது முதிர்ந்து உடல் பருத்தபோது, தொழுமிடத்தில் ஒரு தூணை அமைத்துக்கொண்டு அதன்மீது சாய்ந்து தொழுதார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அம்மையார் தமக்குக் கூறியதாக அவர் விடையளித்தார். அபூதாவூத் தொகுப்பில் காணப்படும் இச்செய்தி சிறியதே. எனினும் தளர்ந்தவரை நிற்கச் செய்யும் ஒரு துணை, தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு எவ்வாறு கைமாறிற்று என்பதை இது காட்டுகிறது.

ஹஜ்ஜுக் கடமையிலும் இதனையே காண்கிறோம். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலும் மெல்லிய நடையும் உடையவர்கள். முஸ்தலிஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் புறப்படுவதற்கு முன்பாகவே தாம் சென்றுவிட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் கூறியுள்ளார்கள். நெரிசலில் தள்ளுண்டு விழுவோம் என்ற அச்சம் உடையவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. நெரிசலில்லாத வேளையில் நடக்க வழி செய்யப்பட்டது. ஸஃபா மர்வாவுக்கிடையே ஓட வேண்டிய இடத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் நடந்தே சென்றதைக் கண்டு ஒருவர் வினவினார். நபியவர்கள் ஓடியதையும் தாம் கண்டதுண்டு, நடந்ததையும் கண்டதுண்டு என்று கூறிய அவர்கள், தாம் முதியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். வாகனத்தின்மீது நிலையாக அமரவே இயலாத முதியவருக்காக அவர் மகளே ஹஜ்ஜு செய்யலாம் என்ற தீர்ப்பும், ஹிஜ்ரி 10 இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின்போது கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக வந்ததே.

பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் விழும் அச்சத்தையே ஒரு காரணமாகக் கொண்டு சட்டம் வகுத்தனர். கப்பலில் நின்று தொழுதால் தலைசுற்றும் என்றோ கடலில் விழுந்து மூழ்க நேரும் என்றோ அஞ்சுபவர் அமர்ந்து தொழலாம் என ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. கடலோடும் வணிகத்தால் வளர்ந்த காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இச்சட்டத்தின் பயனை உணராத தலைமுறை இருந்திருக்க முடியாது. மெய்யான அச்சத்தை இச்சட்டம் மதித்தது. அதன் பொருட்டுக் கடமையிலிருந்து மனிதனை விலக்கிவிடவில்லை.

பண்டை மருத்துவர்களின் கருத்து

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யவன மருத்துவர் காலன், உடல்நலம் பேணுவது குறித்த தம் நூலில் அந்தியோக்கஸ் என்ற மருத்துவரைச் சான்றாகக் காட்டுகிறார். எண்பது வயதைக் கடந்த பின்னும் அவர் நாள்தோறும் நகர மன்றத்துக்கு நடந்தே சென்றுவந்தாராம். காலனின் நூல்கள் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு இஸ்லாமிய மருத்துவத்துக்கு அடித்தளமாயின.

இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' பெருநூலின் முதற் பாகத்திலேயே முதியோர் பராமரிப்புக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். முதியவருக்கு உடற்பயிற்சி வேண்டுமென்பதும், அது அவரவர் உடல்நிலைக்கும் முன்னைய வழக்கத்துக்கும் ஏற்ப அமைய வேண்டுமென்பதும் அவர் கருத்து. தலைசுற்றல் உடையவர் தலையைத் தாழ்த்தும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். கால் நோயுற்றவர் கைகளுக்கும் தோள்களுக்கும் பயிற்சி அளிக்கலாம். ஓருறுப்பு தளர்ந்தால் உடல் முழுவதையும் ஓய்வில் கிடத்த வேண்டும் என்று அவர் கூறவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலிடோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடமாக இருந்தது.

கட்டிலில் கிடத்திய காலம்

இத்தகைய அறிவு இருந்தும், கடந்த நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் எளிய முதியவர்களின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. விழுந்தவரையும் வாதத்தால் கை கால் வீழ்ந்தவரையும் ஏழையர் விடுதி சார்ந்த மருத்துவமனைகளில் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினர். ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையில் அவர்களை யாரும் எழுப்பவில்லை. மாதங்கள் ஆண்டுகளாயின, முழங்கால்கள் மடங்கியவாறே இறுகின, முதுகில் புண்கள் தோன்றின. ஒரு காலத்தில் நடக்க இயன்றவர்கள் என்பதையே பிறர் மறந்தனர்.

1935 ஆம் ஆண்டில் இலண்டனையடுத்த ஐல்வர்த் பகுதியிலுள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, தன் அருகிலிருந்த அத்தகைய விடுதியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 நோயாளிகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். யாருக்கு என்ன நோய், யாரால் எவ்வளவு இயலும் என்று எழுதிவைத்தார். இருண்ட கூடங்களுக்கு வெளிச்சமான வண்ணம் பூசினார்; எழுந்து அமர ஏற்ற நாற்காலிகளை வாங்கச் செய்தார்; பிடித்து நடக்கக் கைப்பிடிகள் அமைத்தார். சிறிது சிறிதாக மக்களை எழுப்பி நிற்கவைத்தார். பலர் நடந்தனர், பலர் வீடு திரும்பினர். இறுதியில் அங்குத் தேவைப்பட்ட கட்டில்கள் 240 ஆகக் குறைந்தன. தம் அனுபவத்தை 1943 இலும் 1946 இலும் மருத்துவ ஏடுகளில் அவர் எழுதிய பின்னரே முதியோர் மருத்துவம் ஒரு தனித் துறையாகப் பிரிட்டனில் வேரூன்றியது. 1960 இல் அவர் காலமானார்.

1947 இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மற்றொரு மருத்துவர், படுக்கையின் ஆபத்துகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரலில் சளி தங்கும், காலில் இரத்தம் உறையும், தசை மெலியும், மூட்டு இறுகும், எலும்பின் சுண்ணச் சத்து கரையும், உள்ளமும் சோரும் என்று உறுப்புவாரியாக அவர் எடுத்துக்காட்டியபோதுதான், ஓய்வு என்று நாம் கொடுப்பது எவ்வளவு விலையுயர்ந்த மருந்து என்பது பலருக்கும் விளங்கிற்று.

அச்சத்துக்குப் பெயர் கிடைத்தது

முதியவர் ஏன் விழுகிறார் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, வுல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஷெல்டன். 202 முதியவர்கள் விழுந்த 500 நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து 1960 இல் அவர் வெளியிட்டார். படிக்கட்டு, மங்கிய வெளிச்சம், தடுக்கும் பொருள்கள் ஆகியவை சில காரணங்கள். தலைசுற்றல், கால்கள் திடீரெனத் துவண்டுபோதல் ஆகியவை வேறு சில. நேராக நிற்கும்போதும் மனித உடல் சிறிது அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவு குழந்தைப் பருவத்தில் மிகுந்தும், வளர்ந்தபின் குறைந்தும், முதுமையில் மீண்டும் மிகுந்தும் இருப்பதை 1963 இல் அவர் விளக்கினார். பலவீனம், வலிமை, மீண்டும் பலவீனம் என்ற அந்த நியதி இங்கும் நம் நினைவுக்கு வருகிறது.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் ஐஸக்ஸ், முதுமையைத் தாக்கும் பெரும் பகைவர்களுள் நடமாட்டமின்மையையும் தள்ளாட்டத்தையும் சேர்த்து எண்ணினார். அவரும் மர்ஃபி என்பவரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, விழுந்து மருத்துவமனைக்கு வந்த 36 முதியவர்களைப் பற்றியது. அவர்களுள் பலர், நடக்க முற்படும்போதெல்லாம் அருகிலுள்ள நாற்காலியையும் மேசையையும் மனிதரையும் இறுகப் பற்றிக்கொண்டனர். துணையின்றி ஓரடி வைக்கவும் அஞ்சினர். உடற்கூற்றில் அதற்குத் தக்க காரணம் காணப்படவில்லை. 'விழுந்த பின் தோன்றும் நோய்நிலை' என்று அதற்குப் பெயரிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலரும் விழுதல் பற்றிய பேரச்சத்துக்கு யவன மொழியிலிருந்து ஒரு பெயர் அமைத்தனர்.

இதன் பின்னர் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி இந்த ஆராய்ச்சியை வளர்த்தார். தம் வீடுகளிலேயே வாழ்ந்த, 75 வயதைக் கடந்த 336 பேரை ஓராண்டுக் காலம் கவனித்து 1988 இல் அவர் எழுதிய கட்டுரையின்படி, அவர்களுள் 32 விழுக்காட்டினர் அவ்வாண்டில் ஒரு முறையேனும் விழுந்தனர். 1990 இல் அவர் அச்சத்தை அளக்கும் முறையொன்றை அமைத்தார். "அஞ்சுகிறீரா?" என்று அது கேட்பதில்லை. குளித்தல், உடுத்தல், நாற்காலியிலிருந்து எழுதல், படியேறுதல், கடைக்குச் செல்லுதல் முதலிய பத்து வேலைகளை விழாமல் செய்யலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு என்றே கேட்கிறது. நம்பிக்கை குன்றியவர் அவ்வேலையைக் கைவிடுகிறார். கைவிட்டதனால் தசை மெலிகிறது. தசை மெலிந்தவர் எளிதில் விழுகிறார். விழுவோமே என்ற அச்சமே மீண்டும் விழுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

கட்டிவைக்கும் அன்பு

அமெரிக்காவின் முதியோர் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்துவிடக்கூடாது என்ற நோக்கத்துடன் முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் வாரால் கட்டிவைத்தனர். மருத்துவக் காரணமின்றி, ஒழுங்குக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ அவ்வாறு கட்டுதல் ஆகாது என்று 1987 இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. கட்டப்பட்டவர்களிடையே கடுங்காயங்கள் குறையவில்லை, மிகுந்தே காணப்பட்டன என்பதை டினெட்டி குழுவினரின் 1992 ஆம் ஆண்டு ஆய்வும் உறுதிப்படுத்தியது.

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் கொதிக்கிறது. ஆயினும் நம் இல்லங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். "வாப்பா, நீங்க எழுந்திருக்க வேண்டாம், எது வேணும்னாலும் கூப்பிடுங்க." "உம்மா, அடுப்படிப் பக்கம் வராதீங்க." இவை அன்பினால் பிறந்த சொற்களே. பெற்றோருக்குப் பணிவிடை செய்வதைக் கடமையாகக் கொண்ட சமுதாயத்தில் இவை இயல்பாகவே எழுகின்றன. ஆனால் அச்சொற்களை நாள்தோறும் கேட்கும் பெரியவர், தம்மால் எதுவும் இயலாது என்று தாமே நம்பத் தொடங்குகிறார். கண்ணுக்குத் தெரியாத வார் ஒன்று அவரை நாற்காலியோடு பிணைத்துவிடுகிறது. மகன் கடல் கடந்து பொருளீட்ட, வீட்டில் மருமகளும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் குடும்பங்களில் இந்தப் பதற்றம் இன்னும் மிகுதி. பெரியவர் விழுந்துவிட்டால் யார் தூக்குவது, மகனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையில், அவரை எழவிடாமல் இருப்பதே பாதுகாப்பாகத் தோன்றிவிடுகிறது.

மீண்டும் எழலாம்

தளர்ந்த தசை மீளாது என்ற எண்ணமும் இன்று பொய்த்துவிட்டது. பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய கால் வலிமை இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. இருவர் கைத்தடியையே விட்டனர். 1990 இல் வெளிவந்த செய்தி இது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 80 வயதைக் கடந்த 233 பெண்களைக் கொண்டு நடத்தி 1997 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே செய்யக்கூடிய கால்பயிற்சியும் நிலைநிற்கும் பயிற்சியும் விழுவதைக் குறைத்தன. 1994 இல் டினெட்டி குழுவினர் மருந்துகளைச் சீர்செய்தும், வீட்டு இடையூறுகளை நீக்கியும், நடைப் பயிற்சி அளித்தும் 301 பேரிடையே சோதித்தனர். அம்முயற்சியைப் பெற்றவர்களுள் 35 விழுக்காட்டினரும், பெறாதவர்களுள் 47 விழுக்காட்டினரும் ஓராண்டில் விழுந்தனர். விழுவதை அறவே ஒழிக்க இயலாது, குறைக்க இயலும்.

இதன் தேவையை உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் குறிப்பு உணர்த்துகிறது. உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழப்பதாகவும், அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதியெனவும் அது கூறுகிறது. தமிழகத்தைப் பொறுத்தவரை, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978 இலேயே முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. டாக்டர் வி.எஸ். நடராசன் அவர்களின் முயற்சியில் வளர்ந்த அத்துறை இந்தியாவுக்கே வழிகாட்டியாயிற்று.

நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தஹஜ்ஜுதுக்கும் ஃபஜ்ருக்கும் எழுபவர் இருளில் தடுமாறாதபடி கட்டிலருகே ஒரு சிறு விளக்கு, கழிப்பிடத்திலும் குளியலறையிலும் பிடித்தெழ ஒரு கம்பி, படுக்கையிலிருந்து சட்டென எழாமல் சிறிது அமர்ந்து எழும் வழக்கம், கண் பரிசோதனை, உட்கொள்ளும் மாத்திரைகளுள் மயக்கம் தருபவை எவையென மருத்துவரிடம் கேட்டறிதல். பள்ளிவாசலில் பாசி படராத ஹவுளுப் படி, ஒளு செய்ய உயரமான ஓர் இருக்கை, வாசற்படியில் ஒரு கைப்பிடி, நிற்க இயன்றும் தள்ளாடுபவருக்குத் தூணருகே ஓரிடம். யார் நிற்கலாம், யார் நாற்காலியில் அமரலாம் என்பதை ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்வதே நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்த பெரியவர் காயம் ஆறியதும் மீண்டும் நடக்கத் தொடங்கும் நாளில், அவர் முன்னே நின்று தடுக்காமல், பக்கத்தில் நின்று நடக்கும் ஒருவர் வேண்டும்.

பேரனுக்கு நடை பழக்கிய கை அந்தப் பெரியவருடையது. அன்று பிள்ளை விழுந்தபோது, இனி நடக்க வேண்டாம் என்று அவர் அவனைத் தூக்கித் தொட்டிலில் போட்டுவிடவில்லை. எழுப்பி நிறுத்தி, விரலை நீட்டினார். அந்த விரலை இன்று நாம் நீட்ட வேண்டிய முறை வந்திருக்கிறது.